அண்ணா, கரடி!

கணினி விளையாட்டு தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் காதலுக்கென்று தனிப் பிரிவு உண்டு. இரண்டாவது மாடியில், கழிவறையைத் தாண்டி, மின்விசிறி கத்துகிற அறை. அதில் உட்கார்ந்து எழுதுகிறவனைக் காதல்காரன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவனுக்குக் காதலில் முன் அனுபவம் எதுவும் கிடையாது. வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேட்கவுமில்லை.

விளையாட்டில் நீங்கள் ஒரு வீரன். தொலைந்துபோன அண்ணனைத் தேடி அலைகிற ஒரு பெண் உங்களோடு காடு மலையெல்லாம் வருவாள். கையில் வில் வைத்திருப்பதால் அவளுக்கு வில்லி என்று பெயர் வைத்தார்கள். அதற்கென்று ஒரு குழுவே கூடியது. ஒருத்தருக்கும் எதுவும் உறைக்கவில்லை. நீங்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் வில்லி உங்களைக் காதலிப்பாள். கடைசியில் கல்யாணம்.

அவள் பேசுவதை ஒரே ஆள் எழுதினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் அபாயம் இருந்ததால், நிர்வாகம் அதைப் பிரித்துக் கொடுத்தது. காதலித்தால் காதல் பிரிவு. சண்டை போட்டால் சண்டைப் பிரிவு. அழுதால் சோகப் பிரிவு. கதை வெளியே கசியக் கூடாது என்று, ஒரு பிரிவு எழுதியதை இன்னொரு பிரிவு படிக்கவும் தடை. விதி நன்றாகவே வேலை செய்தது. கதை வெளியேயும் கசியவில்லை, உள்ளேயும் கசியவில்லை.

எல்லாவற்றையும் ஒட்டவைத்து, விளையாடிப் பார்க்க வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பல் மருத்துவர். நல்ல மனுஷன். அருவிக் கரையில் வில்லி அவர் தோளில் சாய்ந்து, "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்றாள். மருத்துவர் காது வரைக்கும் சிவந்தார். அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து கரடி வந்தது. வில்லி துள்ளி எழுந்து, "அண்ணா, கரடி!" என்றாள்.

மருத்துவர் கையில் இருந்த விளையாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டார். திரையில் கரடி அவரைச் சாவகாசமாகத் தின்றது. அவர் தடுக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். விளையாட்டு கடைக்குப் போவதற்குள் காதல் சரியாகாவிட்டால் காதல்காரனுக்குக் குதிரைப் பிரிவுக்கு மாற்றல் என்றார். குதிரைப் பிரிவில் எழுத வேண்டியது கனைப்பு மட்டும். அங்கே போனவர்களில் ஒரே ஒருத்தர்தான் திரும்பி வந்தார். அவரும் இப்போது சரியாகப் பேசுவதில்லை.

காதல்காரனுக்குக் கனைப்புகூடப் பெரிதில்லை. குதிரைப் பிரிவு வேறு கட்டடம். சண்டைப் பிரிவோ அவனுக்கு எதிர் அறை. அங்கே எழுதுகிறவளை எல்லோரும் சண்டைக்காரி என்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அவன் எழுதிய காதல் முழுக்க அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் தினமும் காலையில் அவள், "குட் மார்னிங், அண்ணா" என்பாள். அதைக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து காதல் எழுத வேண்டும். எங்கேயிருந்து வரும்?

எதற்காக வில்லி அண்ணா என்கிறாள் என்று மேலாளர் சண்டைக்காரியைக் கேட்டார்.

"காடு சார். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளகூடத் தனியாப் போறா. அண்ணான்னு ஒரு வார்த்தை போட்டு வெச்சாத்தானே பாதுகாப்பு? பஸ்லயும் ஆபீஸ்லயும் நாங்க அப்படித்தானே காலம் தள்றோம்?"

அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும், அவள் தங்களை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று யோசித்துப் பார்த்து, நாற்காலியில் நெளிந்தார்கள். மேலாளர் மட்டும் நெளியவில்லை. அவர் சார்.

தீர்வையும் அவரே கண்டுபிடித்தார். 'அண்ணா'வைக் 'கண்ணா' ஆக்கிவிட்டால் என்ன? மாறுவது ஒரே எழுத்து. செலவு குறைவு. எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். கணினியில் ஒரே தட்டில் அத்தனை இடத்திலும் மாற்றினார்கள்.

அடுத்து விளையாட வந்தவர் ஒரு வங்கி குமாஸ்தா. வில்லி கொல்லனிடம் போய், "கண்ணா, அம்பைக் கொஞ்சம் கூர் தீட்டிக் குடுங்க" என்றாள். குமாஸ்தா பொறுத்துக்கொண்டார். "கண்ணாந்து பாருங்க, கழுகு!" என்றாள். அண்ணாந்து பார்ப்பதையும் கணினி விட்டுவைக்கவில்லை. அவர் அதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் தொலைந்துபோன அண்ணன் கிடைத்தான். வில்லி ஓடிப்போய், "கண்ணா! உனக்காகத்தானே இத்தனை காடு சுத்தினேன்" என்று கட்டிக்கொண்டாள்.

குமாஸ்தா எழுந்து நின்று, "அப்ப நான் யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எந்தப் பிரிவுக்கு உரியது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுபடியும் கூட்டம். வில்லி வீரனை எப்படித்தான் கூப்பிடுவது? சோகப் பிரிவில் இருந்தவர் 'தாங்கள்' என்றார், அழும்போது மரியாதை முக்கியமாம். காதல்காரன் 'டா'வை விட முடியாது என்று நின்றான். 'டா' போட்டால் அருவிக் கரையோடு நான் விலகிக்கொள்கிறேன், கரடியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் சண்டைக்காரி. அப்போது மேலாளரின் செல்போன் அடித்தது. பதட்டத்தில் அவர் எதையோ அழுத்த, அவர் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கிளம்பியாச்சா? வர்ற வழியில பல்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தா தேவலை. பீரோ சாவி எங்க வெச்சிருக்கு?"

"இதோ கிளம்பியாச்சு. சாவி டிவி மேல இருக்கு."

சோகப் பிரிவுக்காரர் மெல்லச் சொன்னார்: "சார், இதுல நீயும் இல்ல, நீங்களும் இல்ல, அண்ணாவும் இல்ல. ஆனா கல்யாணம் ஆயிருக்கு."

மேலாளர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. இத்தனை வருஷத்துல அவ என்னை என்னன்னு கூப்பிடுறான்னு நான் கவனிச்சதே இல்ல" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அதையே தீர்மானமாக நிறைவேற்றினார்.

எல்லாப் பிரிவும் திருத்தி எழுதின. வில்லி இப்போது, "காயம் ஆறியாச்சா? கரடி வருது, ஒதுங்கினா நல்லது. கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றாள். ஊழியர்களுக்குப் பழக்கம் வரவேண்டும் என்பதால், அலுவலக வளாகத்துக்குள் யாரும் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது.

விளையாட்டு பிய்த்துக்கொண்டு விற்றது. கல்யாணம் ஆகாதவர்கள், பெண் என்றால் இப்படி அடக்கமாகப் பேச வேண்டும் என்று எழுதினார்கள். கல்யாணம் ஆனவர்கள், இப்படிப் பேச வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று எழுதினார்கள். எழுதிவிட்டு விடிய விடிய விளையாடினார்கள். காதல்காரனின் மாற்றல் ரத்தானது.

அன்று சாயங்காலம் அவன் பையை மாட்டிக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருந்தான். சண்டைக்காரி பக்கத்தில் வந்து நின்று, "கிளம்பியாச்சா?" என்றாள்.

அண்ணா இல்லை. அவசரப்பட்டு ஏமாந்துவிடக் கூடாது என்று, "சுற்றறிக்கை படிச்சாச்சா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"எந்தச் சுற்றறிக்கை? அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

படிக்கவில்லை! மின்தூக்கி இறங்கியது. அவன் இறங்கவில்லை, மேலேதான் போய்க்கொண்டிருந்தான். இன்றைக்கே சொல்லிவிடுவது, வாசலைத் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முதல் வரியைக்கூட யோசித்துவிட்டான்.

வாசலில் காவலாளி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தனை நாளும் அவள் அண்ணா என்று கூப்பிட்ட மனுஷன்.

"சாப்பாடு ஆச்சா?" என்று அவரைக் கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்குப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

காதல்காரன் அங்கேயே நின்றுவிட்டான். காவலாளி வாயில் இருந்ததை மெல்ல மறந்து அவள் போன திசையையே பார்த்தார். பிறகு காதல்காரன் பக்கம் லேசாகக் குனிந்து, சங்கோசமாகக் கேட்டார்:

"தம்பி, கவனிச்சீங்களா? இன்னைக்கு அந்தப் பொண்ணு என்னை அண்ணான்னு கூப்பிடல."