லோட்டா ஐயங்காரும் ஓசிக் காபியும்

மைசூர் ராஜ்யத்திலேயே ஓசிக் காபிக்கு லோட்டா ஐயங்காரைப் போல் அலைந்த பிராணி இன்னொன்று இருந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவருடைய நிஜப் பெயர் கல்லூரிச் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. பன்னிரு திருமண்ணும் பஞ்சகச்சமும் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையுமாக அவர் வரும்போது, கையில் ஒரு வெள்ளி லோட்டாவும் கூடவே வரும். அது போதாதா பெயர் வைக்க?

உத்தியோகம், லேபரட்டரி ஸ்டோரைக் கட்டிக் காப்பது. ஒரு கண்ணாடிக் குழாய் கேட்டால், "போன குழாயை என்ன பண்ணினே, தின்னுட்டியா?" என்பார். ஆனால் கேட்க நாதியில்லாதவன் வந்து நின்றால், கேட்காமலே இரண்டு கொடுத்துவிட்டு, அவன் நன்றி சொல்வதற்குள் விரட்டியும் விடுவார்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர் வருஷத்துக்கொரு தரம் சபையில் கட்டுரை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் தன் கையாலேயே எல்லோருக்கும் காபி கொடுக்க வேண்டும். முன்வரிசை நாற்காலிகள் நிறையாவிட்டால் கூட்டம் ஒத்திப்போகும். இரண்டாம் தரமும் ஒத்திப்போனால் லேபரட்டரியில் அவருடைய மேஜை போய்விடும். மேஜை போனால் படிப்பும் போச்சு.

இதில் விஷயமே அந்தக் காபிதான். யார் கையால் குடிக்கலாம், யார் கையால் கூடாது என்று ஒரு பஞ்சாங்கமே எல்லோர் மனத்திலும் இருந்தது. கமலம்மா என்ற விதவை, சந்தன மரத்துக்கு வரும் நோயைப் பற்றி வாசித்த அன்று பாதிப் பேருக்குத் தலைவலி. தோல் பதனிடுவதைப் பற்றி யூசுப் வாசித்த அன்று மீதிப் பாதிக்கும் தலைவலி. இரண்டு நாளும் முன்வரிசையில் முதல் நாற்காலி ஐயங்காருடையது. லோட்டாவை நீட்டுவார், குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடியும் நீட்டுவார்.

"டிகாக்‌ஷன் தண்ணிதாம்மா. ஆராய்ச்சி நன்னா கெட்டியா இருக்கு" என்று கமலம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் சிரித்ததை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"வெட்கங்கெட்ட மனுஷன், ஒரு லோட்டா காபிக்கு ஜாதியை விக்கிறார்" என்று ஊரெல்லாம் பேச்சு. அவரோ, "ஓசியிலே கிடைச்சா விடுவாளோ?" என்று கண்ணடிப்பார்.

சின்னசாமி விஷயத்தில்தான் நிலைமை முற்றியது. மார்டள்ளிப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்து, கேழ்வரகில் விழும் குலைநோயை ஆராய்ந்துகொண்டிருந்தவன். முதல் கூட்டத்தன்று ஊருக்கே ஏகாதசி வந்துவிட்டது, பஞ்சாங்கத்தில் இல்லாத ஏகாதசி. நானும் ஐயங்காரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் ஒத்திப்போனது.

"அடுத்ததும் போச்சுன்னா ஊருக்கே போயிர்றனுங்க. அப்பன் நெலத்தைக் குத்தகைக்கு வுட்டுட்டு என்னைய அனுப்புனாருங்க" என்றான் சின்னசாமி. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஐயங்கார் லோட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்தன்று கதவு திறந்தது. ஐயங்கார் முன்னால் வர, பின்னால் நஜர்பாத் பேட்டையில் குஸ்தி போடும் பயில்வான்கள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். நேராக வந்தால் வாசல் போதாது. முன்வரிசை நிறைந்தது. நிறைந்தது என்ன, நாற்காலிகள் முனகின. நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று விதியில் இல்லை; ஒத்திவைக்கத் தயாராக வந்திருந்த சபைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சின்னசாமி ஆரம்பித்தான். இந்தப் பூஞ்சை நேரே கதிரின் கழுத்தைப் பிடிக்கும், பிடித்தால் கதிர் தலை சாய்ந்துவிடும் என்று சொன்னதுதான் தாமதம், பெரிய பயில்வான் எழுந்துவிட்டார்.

"கழுத்துப் பிடியா? அய்யோ, அது பொல்லாத பிடி ஸ்வாமி. விடுபட வழி கண்டுபிடிச்சீரா இல்லையா?"

"அதைத்தானுங்க தேடிட்டு இருக்கேன்."

"பலே!" என்று பயில்வான் தொடையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஏதோ ஆட்சேபம் சொல்ல எழுந்த தலைவர், அந்தச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

பிறகு காபி. பயில்வான்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டு வந்த சின்னசாமி, ஐயங்காரிடம் வந்ததும் நின்றான்.

"சாமி, கூட்டம் நடந்துபோச்சுங்க. அது போதும். உங்களுக்கு எதுக்குங்க வீண் பொல்லாப்பு?"

"பயில்வானுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஊத்துடா."

குடித்தார். சபை பார்க்கக் குடித்தார். மறுபடியும் நீட்டினார். மேஜை பிழைத்தது. அந்த வாரமே கோயிலில் அவருக்குத் தீர்த்தம் நின்றது. "தீர்த்தம் இல்லேன்னா போறது, காபி இருக்கோன்னோ" என்றார். அதற்கும் ஊர் சிரித்தது.

சில வருஷம் கழித்து, சின்னசாமி விவசாய இலாகாவில் உத்தியோகமானபின், ஐயங்கார் படுக்கையில் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு நானும் அவனும் போனோம். சின்னசாமி நல்ல காபிப் பொடியாக ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான். வாங்கிப் பார்த்த ஐயங்கார் வீட்டு மாமி திகைத்தாள்.

"காபியா? அவருக்கு அது ஆகவே ஆகாதே. ஒரு வாய் உள்ளே போனா ரெண்டு நாள் வயத்தைப் பிடிச்சுண்டு துடிப்பார். எங்காத்திலே காபிப் பொடியே வாங்கறதில்லையேப்பா."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே உடைந்திருப்போம்.

உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது. "யாரு, சின்னசாமியா? காபி இருக்கா கேளு."

சின்னசாமி தயங்கி நின்றான். மாமி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பால் அடுப்பிலே இருக்கு. நீயே ஆத்திக் கொண்டு போய்க் குடுப்பா" என்று சமையலறைக்கு வழிவிட்டாள்.

சின்னசாமி வெறும் பாலை லோட்டாவில் ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். ஐயங்கார் ஒரு வாய் குடித்து, வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார்.

"டிகாக்‌ஷன் தண்ணிடா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் லோட்டாவை நீட்டினார்.