சகதியில் உள்ளான்

என் மனைவியின் அண்ணனுக்குக் கிடைக்க இருந்த அரசாங்க வேலையை ஒரு பொய் சொல்லிக் கெடுத்தவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் வன அலுவலகக் குமாஸ்தா நான். மச்சான் மாயாண்டி மன்னவனூர்ப் பக்கம் தற்காலிக வனக் காவலர். தமிழ் தெரியாத புது அதிகாரி ஒருவர், 'வுட் ஸ்னைப்' என்ற அபூர்வப் பறவையைக் காட்டினால் மச்சானை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். மொழிபெயர்க்க நான் போனேன். (பி.ஏ. தமிழ். அந்தத் திமிர் வேறு.)

வழியில் சோலைக்குள் ஒரு மலை அணில் எங்களைக் கண்டதும் காடே அதிரக் கத்தியது. அதிகாரி ஆசைதீரப் பார்த்தார்.

"இது கத்தியே தன்னைக் காட்டிக்குடுத்துரும் மாப்ளே," என்றார் மச்சான். "நாம தேடிப் போறது மிதிக்கிற வரைக்கும் கம்முன்னு கெடக்கும். சத்தம் போடாம வாங்க."

ஓடையோரச் சதுப்பில் சட்டென்று நின்று என் காதில் கிசுகிசுத்தார்: "அந்தா, சகதில... உள்ளான்!"

என் பி.ஏ. தமிழுக்கு மரியாதையாக மச்சான் செந்தமிழ் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். சகதிக்குள் எவனோ ஒளிந்திருக்கிறான்! மரத் திருடனேதான்.

"ஏலே! எந்திரிச்சு வெளிய வாடா!" என்று அலறினேன்.

நீள மூக்குப் பழுப்புப் பறவை ஒன்று எழுந்து மூடுபனிக்குள் போய்விட்டது.

"அது பேருதான் மாப்ளே உள்ளான்," என்றார் மச்சான், அழாத குறையாக.

அதிகாரி என்னை முறைத்தார். "இவர்தான் கத்தச் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஏதோ பரிந்து பேசுவதாக நினைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றார்.

வேலை போயிற்று. சில வாரம் பொறுத்து, தாங்க மாட்டாமல் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். வேறு ஆளைப் போட்டாயிற்று என்றார். மச்சானிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அணிலு கத்துனா அணிலுதான் மாட்டும். நீங்க கத்துனீங்க, நான்ல மாட்டுனேன்."

முழங்கால் ஓயும்வரை கூலிக்கு உருளைக்கிழங்கு தோண்டினார். அந்தப் பறவையும் இப்போது அருகி வருகிறதாம். நான் பார்த்தது அதன் முதுகை மட்டும்.

இன்றும் அவர் வீட்டு வாசலில் நின்று, "மச்சான் இருக்காரா?" என்று கேட்டால் உள்ளேயிருந்து அவர் குரலே வரும்: "உள்ளான்!"

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான், அவர் "வாங்க" என்கிறவரை, வாசலிலேயே கம்மென்று நிற்பேன்.