லாரிக்கு ஒரே கதவு

"இந்த வீட்டுல இருந்து ஒரு ஆணிகூட வெளியே போகக் கூடாது. போனா, நான் முப்பது வருஷம் லோடு ஏத்தினதே பொய்!"

நடு வீட்டில் நின்று லோடுமேன் சபதம் போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகனும் வேலை கிடைத்து வெளியூர் போயாயிற்று. மிச்சம் இரண்டே பேர். இந்தப் பெரிய வீட்டைப் பெருக்கிப் பெருக்கியே இடுப்பு போச்சு என்று அவர் மனைவி சின்னதாக ஒரு வீடு பார்த்துவிட்டாள். முன்னால் கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஒரே ஒரு அறை.

வீடு சின்னதாகலாம், லோடுமேனின் சொத்து சின்னதாகுமா? சுற்றாத மின்விசிறிகள், பாடாத ரேடியோக்கள், மூன்று கால் நாற்காலிகள், யாரோ வேண்டாமென்று போட்ட கதவு, அந்தக் கதவுக்குப் பொருந்தாத ஒரு நிலை. எல்லாம் 'ஒரு நாள் உதவும்' என்று சேர்த்தவை. அந்த ஒரு நாள்தான் இன்னும் வரவில்லை.

"என்னங்க, அந்த அறையில ஜன்னலோரமா எனக்கு ஒரு கட்டில் போடணும். தரையில படுத்தா எந்திரிக்க முடியல."

"அறை சாமானுக்கு. நாம கூடத்துல பாய் விரிச்சுக்கலாம்."

"என் இடுப்பு?"

"இடுப்பு எங்கே போயிடும், உன்கூடத்தானே இருக்கும். சாமான் போனா வருமா?"

அவள் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்தால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் அதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

"சரி, பந்தயம். அத்தனையும் அந்த ஒரே அறையில அடுக்கிட்டீங்கன்னா, உங்க சாமான் மேல என் விரல்கூடப் படாது. ஒண்ணு மிஞ்சினாலும் மொத்தமும் பழைய சாமான்காரருக்கு."

"பட்டுனு ஒத்துக்கிட்டேன்!"

மறுநாள் புது வீட்டு அறையில் லோடு ஏறியது. பெரியது அடியில், சின்னது இடுக்கில். நாற்காலிக் காலுக்கு நடுவே ரேடியோ, விசிறி இறக்கைக்கு நடுவே பாட்டில். அறையின் பின்சுவரில், சந்துப் பக்கமாக இன்னொரு கதவு இருந்தது.

"இதை என்னங்க செய்யறது?"

"லாரிக்கு ஒரு பக்கம்தான் கதவு. இது நமக்குச் சுவர்!" பூட்டிச் சாவியை அவளிடம் வீசினார். "தூக்கிப் போடு."

அவள் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அறை கூரை வரை நிரம்பியது. அறை வாசற்படியில் முன்வரிசையை நிறுத்திக் கயிறு போட்டு இறுக்கினார். ஒரு குழாய் மட்டும் வெளியே நீட்டியது. அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினார்.

"அது எதுக்கு?"

"லோடுக்கு வெளியே எது நீட்டினாலும் கட்டணும். வர்றவங்க இடிச்சுக்கக் கூடாதுல்ல."

எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார். "அண்ணே! இது அறையா, கோட்டையா?"

"தோத்துட்டேன் தம்பி," என்றாள் மனைவி, ரொம்பச் சாதுவாக.

அதிலிருந்து லோடுமேனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில், வேலை பார்த்த பழைய பார்சல் ஆபீஸுக்குப் போய்த் தன் வெற்றியைச் சொல்லிவிட்டு வருவார். மனைவியும் முணுமுணுப்பை விட்டுவிட்டாள். முகத்தில் ஒரு தெளிச்சி. மத்தியானமானால் மட்டும் ஆளைக் காணோம்.

"எங்கே போறே?"

"சந்துப் பக்கம். காத்தாட."

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் தையல்காரர் ஓடிவந்தார். "அண்ணே, உங்ககிட்ட பழைய தையல் மெஷின் பெடல் இருந்துச்சே? என்னுது உடைஞ்சுபோச்சு."

லோடுமேன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "மூணாவது வரிசை, இடப்பக்கம். ஒரு நாள் உதவும்னேனே, வந்துடுச்சு பார்!"

முக்காலியில் ஏறினார். முன்வரிசையில் மேல்பெட்டியை உருவினார். தலையை உள்ளே விட்டார்.

குளுகுளுவென்று காற்று முகத்தில் அடித்தது. சுற்றாத விசிறிகளில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசை இல்லை. இரண்டாவதும் இல்லை. திறந்த ஜன்னல், பூப்போட்ட திரை, ஒற்றைக் கட்டில். கட்டிலில் காலை நீட்டி அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை எடுத்த இடத்துலயே வைங்க. வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"அடியே... என் சாமான்?"

"என் விரல் படலைங்க, சத்தியமா. கதவைத் திறந்து விட்டதோட சரி. பழைய சாமான்காரர்தான் தொட்டார். பதிலுக்கு இந்தக் கட்டிலைக் கொடுத்து, விசிறி ஒண்ணையும் சரிபண்ணி மாட்டிட்டுப் போனார். முன்வரிசையை மட்டும் விட்டுவெச்சேன், உங்க கௌரவத்துக்கு."

"இது மோசடி!"

"மெதுவா. கோட்டை உள்ளே பொக்கைன்னு தம்பிக்குத் தெரியணுமா?"

கீழிருந்து குரல் வந்தது. "அண்ணே, பெடல் இருக்கா?"

லோடுமேன் தொண்டையைச் செருமினார். "இருக்கு தம்பி... ரொம்ப உள்ளே இருக்கு. இழுத்தா மொத்தமும் சரிஞ்சிடும்."

"அப்போ வேண்டாம்ணே. என்ன அடுக்கு, என்ன அடுக்கு!" என்று மெச்சிக்கொண்டே அவர் போனார்.

பெட்டியைத் திரும்பச் செருகிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனார் லோடுமேன். சண்டை போடத்தான் போனார். ஆனால் ஒரு மாதமாகத் தரையில் கிடந்த முதுகு, கட்டிலைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டது.

"கொஞ்சம் நகரு."

"ஒத்தைக் கட்டிலுங்க. எதையும் எதுலயும் அடக்கறவர்தானே நீங்க? அடுக்கிக்கோங்க."

அடுக்கிக்கொண்டார். ஒரு தோள் ஏறியது, பாதி முதுகு ஏறியது. வலது கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மனைவி எழுந்து போனாள். குழாயிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துவந்து அந்தக் காலில் கட்டினாள்.