டப்பா சார் அமுக்கிய கெட்டிமேளம்

எழுபதுகளில் மயிலாப்பூரில் டப்பா சாரிடம் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுத்து, அதைக் கொடுத்த உருவத்திலேயே திரும்ப வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்லத் தயார்.

நாங்கள் வாடகைக்கு இருந்த ஸ்டோர் வீட்டில் வரிசையாக ஒன்பது குடித்தனம். கடைசி போர்ஷனில் அவர் தனிக்கட்டை. கிண்டிப் பக்கம் ஏதோ ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தவர். எல்லா சர்க்யூட்டையும் ஒரே பெட்டிக்குள் வையுங்கள் என்று மேலதிகாரி சொன்னாராம். இவர் அன்று மத்தியானமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

"ஒரு டப்பாவுக்கு ஒரு வேலை" என்பது அவர் கொள்கை. காலியான பல்பொடி டப்பா, பவுடர் டப்பா எது கிடைத்தாலும் அதற்குள் ஒரு சர்க்யூட் ஏறிவிடும். ஒரு டப்பா இரைச்சலை வடிகட்டும். ஒன்று கட்டைக்குரலைத் தூக்கிக் கொடுக்கும். இன்னொன்று கீச்சுச் சத்தத்தை அடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பிளக் என்பதால் எதை எதோடு வேண்டுமானாலும் கோக்கலாம். தனியாகவும் ஓடும். தகரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் அட்டையை மட்டும் வேறொரு கருவியின் வயிற்றுக்குள்ளும் வைத்துவிடலாம்.

கரகரக்கிறது என்று நான் கொடுத்த ரேடியோ, பின்பக்கம் நாலு டப்பா தொங்கத் திரும்பி வந்தது.

"கரகரப்புக்கு ஒண்ணு போதும். மத்த மூணும் அதுக்குத் துணைக்கு" என்றார்.

"இது ரேடியோவா, கூட்ஸ் வண்டியா?" என்று கேட்டாள் என் மனைவி. ஆனால் செய்தி வாசிப்பவர் எச்சில் விழுங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் உயிரையே வைத்திருந்தது 'நியாய டப்பா'வின் மீது. பெரிதாக வரும் சத்தத்தைத் தாழ்த்தும், மெதுவாக வருவதை உயர்த்தும். "கத்தறவன் குரல் மட்டுமே எடுபடப்படாது, ஓய். அவ்வளவுதான் விஷயம்" என்பார். இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அதன் அரங்கேற்றத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், தி. நகரில் நடந்த என் தங்கை ருக்மிணியின் கல்யாணம்.

மைக்செட் கோடம்பாக்கம் காதர் பாயுடையது. டப்பாக்களைப் பார்த்ததும் பாய் முகம் சுளித்தார்.

"இன்னா சார், கல்யாணத்துக்கு வந்துகீறீங்களா, கடை போட வந்துகீறீங்களா? இதெல்லாம் வெளிய தொங்கிக்கினு இருந்தா பாக்கறவன் சிரிப்பான்."

"தொங்க வேண்டாம். உள்ளேயே வச்சுட்டாப் போறது."

பாய் சுதாரிப்பதற்குள் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, நியாய டப்பாவின் அட்டையை உள்ளே பொருத்தி, எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டார்.

அப்பாவுக்கோ மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா நிச்சயதார்த்தத்திலிருந்தே ஸ்கூட்டர், ஸ்கூட்டர் என்று ஜாடை பேசிக்கொண்டிருந்தார். எந்த நிமிஷம் நேராகவே கேட்டுவிடுவாரோ என்று அப்பா பந்தல்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

முகூர்த்த வேளை வந்தது. நாதஸ்வரம் ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டு ஓய்ந்தது. சத்தம் அடங்கியதும் நியாய டப்பா தன் வேலையைத் தொடங்கியது. மணமேடை மைக்குக்குப் பக்கத்தில் பெரியப்பா குனிந்து மாப்பிள்ளையின் காதில் ரகசியமாகச் சொன்னது, வாசலில் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கர் குழாய்களிலும் முழங்கியது.

"அசடாட்டம் உக்காந்திருக்காதேடா. தாலியைக் கையில வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கூட்டரைக் கேளு. கட்டியாச்சுன்னா எவன் தருவான்?"

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "இன்னாத்துக்குடா தாலி கட்றாரு அந்த ஆளு, பொண்ணுக்கா, வண்டிக்கா?" என்று பக்கத்து ரிக்‌ஷாக்காரரைக் கேட்டது எங்களுக்கே கேட்டது. காதர் பாய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது டப்பா சாரின் சட்டைப் பையில் இருந்தது. டப்பா சார் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே அவர் முகத்தில் எழுதியிருந்தது.

குழாயில் கேட்பது தெரியாத மாப்பிள்ளையும் ரகசியமாகத்தான் பதில் சொன்னார். அதுவும் தெருக்கோடி வரை போயிற்று.

"பெரியப்பா, எனக்கு சைக்கிளே தடுமாறும். ஸ்கூட்டரை வச்சுண்டு நான் என்ன பண்றது? பொண்ணு போதும். நீங்க போய் காபி சாப்பிடுங்கோ."

அதுவரை தலை நிமிராத ருக்மிணி வாய்விட்டுச் சிரித்தாள். அது இன்னும் நன்றாகக் கேட்டது. பெரியப்பா நிஜமாகவே காபி சாப்பிடப் போய்விட்டார். தாலி ஏறியது. கெட்டிமேளம் மட்டும் அடுத்த தெருக் கல்யாணம் மாதிரி மெல்லிசாகக் கேட்டது.

அப்பா ஓடிப்போய் டப்பா சாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவரோ இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கெட்டிமேளத்தைப் போய் அமுக்கிடுத்து மாமா. அளவு தப்பாப் போட்டுட்டேன். நாளைக்கே பிரிச்சுடறேன்."

காதர் பாய் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அதை மட்டும் தொடாத சார். அப்டியே இர்க்கட்டும். ஊர்ல எத்தினி கல்யாணம், எத்தினி பெரியப்பா."

பாய் நாலு பேரிடம் சொல்ல, அவர்கள் நாற்பது பேரிடம் சொல்ல, டப்பா சாருக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஷெட் பிடித்துக்கொண்டு ஸ்டோரைக் காலி செய்தார். மைக்செட்காரர்கள் டப்பாவாக வாங்கினார்கள், ஆம்ப்ளிஃபயர் செய்யும் பட்டறைக்காரர்கள் அட்டையாக வாங்கித் தங்கள் மெஷினுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"உம்ம கையெழுத்து நன்னாருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து டப்பாவுக்கெல்லாம் லேபிள் எழுதித் தாரும்" என்று ஒருநாள் சொல்லியனுப்பினார்.

போனேன். பஸ் மாறி மாறி, சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, ஞாயிறு தவறாமல் போனேன். லேபிள் எழுதும் வேலை இரண்டாவது மாதமே தீர்ந்துவிட்டது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.