குலுக்கைக்குள் போன கேபிள்

லாரி பேட்டரியிலிருந்து கழற்றிய பாசிட்டிவ் கேபிளை நெல்லுக் குலுக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்துவிட்டு, மொக்கைச்சாமி கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதென்ன கூத்து?" என்றாள் மனைவி சந்தனம்மாள்.

"ஒன் தம்பி லாரி கேட்டு வாரானாம். குலசாமி கோயிலுக்குப் போனா மூணு நாளைக்கு வண்டி திரும்பாது. அங்கன கம்பத்துல வாழைத்தாரு குவிஞ்சு கெடக்கு. நாளைக் காலைச் சந்தைக்கு லோடு வரலைன்னா கோட்டயத்து யாவாரி வேற ஆளைப் பாத்துக்கிருவேன்னுட்டான்."

"அதைச் சொல்ல வேண்டியதுதான?"

"மச்சினன்ட்ட இல்லைன்னு சொல்றதா? நல்லாச் சொன்ன போ! அப்புறம் ஒங்க வீட்டு வாசப்படியை மிதிக்க முடியுமா? லாரி கெட்டுப்போச்சுன்னா வம்பே இல்லை. அவன் அங்கிட்டுப் போகவும் கேபிளை மாட்டுவேன், கம்பத்துக்குக் கெளம்புவேன்."

சுதந்திரம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. உத்தமபாளையத்தில் டீசல் லாரி வைத்திருக்கும் மனுஷனுக்கு இந்த அளவு மூளைகூட இல்லாமலா இருக்கும்?

மச்சினன் பால்பாண்டி வந்தான். "மச்சான், மார்க்கையன்கோட்டையில இருந்து சனம் பூராம் கோயிலுக்குக் கெளம்புது. ஒங்க லாரி வருமா?"

"மாப்ளைக்கு இல்லாத லாரியா? ஆனா பாரு, பேட்டரி கேபிள் தீஞ்சுபோச்சு. மதுரையில இருந்துதான் வரணும்." மொக்கைச்சாமி முகத்தைத் தொங்கப்போட்டார். தன் நடிப்பு அவருக்கே பிடித்துப்போனது.

நியாயமாகப் பார்த்தால் பால்பாண்டி, 'சரி மச்சான்' என்று போயிருக்க வேண்டும். அவனோ வேட்டியை மடித்துக் கட்டினான்.

"ஐயையே, லாரி படுத்துக்கெடக்க, பாத்துட்டுச் சும்மா போறதா? டீசல் வண்டிதான, தள்ளிவிட்டாப் பிடிச்சிரும்!"

தெருவில் போன ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டான். டிரைவர் தவசி கதவைத் திறக்கப்போக, மொக்கைச்சாமி பாய்ந்து அவனைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கியரே போடவில்லை. கியர் போடாத வண்டி எந்த ஊரில் ஸ்டார்ட் ஆகும்? அப்படியொரு சந்தோஷத்தில், தெரு சரிந்து வாய்க்காலில் முடிவதை மறந்துபோனார். பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் லாரியின் முன்சக்கரங்கள் இரண்டும் சகதிக்குள் இறங்கிவிட்டன.

"போச்சுடா மாப்ளே! இனி நீ வேற வண்டியைப் பாரு," என்றார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே. மாட்டை விட்டு இழுத்தால் லாரி வெளியே வந்துவிடும், மத்தியானம் கம்பம் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

"இதுக்குப் போய் அசந்துருவேனா? நானா விடுவேன்?" என்றான் பால்பாண்டி. பக்கத்து வயலில் உழுத மாடுகளைப் பூட்டி லாரியை இழுத்துக் கரையேற்றினான். தவசியைச் சைக்கிளில் பஸ் ஷெட்டுக்கு விரட்டினான். ஷெட்டு மெக்கானிக் இவனுடைய சேக்காளியாம். தவசி புது கேபிளோடு வந்து நின்றான்.

மொக்கைச்சாமி அதை வெடுக்கென்று பிடுங்கினார். "என் வண்டியில நான்தான் கை வைப்பேன்!" நட்டை முறுக்காமல் பேருக்கு மாட்டிவிட்டால் போதும் என்று ஸ்பேனரோடு குனிந்தார்.

"மொதலாளி, மொதல்ல நெகட்டிவைக் கழட்டிருங்க! ஸ்பேனர் பாடியில பட்டா..."

"ஏலே, எனக்கே சொல்லித் தாரியா?"

ஸ்பேனரின் ஒரு முனை பாசிட்டிவிலும் மறுமுனை லாரியின் இரும்பிலும் பட்டது. படீரென்று பொறி பறந்தது. பேட்டரி பிளந்து திராவகம் வழிந்தது. மொக்கைச்சாமி குதித்துப் பின்னால் போய் விழுந்தார். வேட்டியில் ஓட்டை ஓட்டையாகப் புகைந்தது.

"பேட்டரி செத்துப்போச்சு மொதலாளி. இந்தச் சைசு மதுரையிலதான் கிடைக்கும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்," என்றான் தவசி.

மொக்கைச்சாமி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லோடும் போச்சு, கோட்டயத்து யாவாரமும் போச்சு. ஆனாலும் மச்சினன் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லாமல் தப்பித்தோமே, அதுவரைக்கும் நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பால்பாண்டியின் தோளைத் தட்டினார்.

"விடு மாப்ளே. ஒன் கோயில் காரியம் இப்படி ஆகிப்போச்சே!"

பால்பாண்டி கண் கலங்க நிமிர்ந்தான். "கோயில் கெடக்கட்டும் மச்சான். கம்பத்துல ஒங்க வாழைத்தாரு கெடக்குறது ஊருக்கே தெரியும், அது இனி என்னத்துக்கு ஆகும்? அந்த லோடு போயிரணுமேன்னுதான இம்புட்டுப் பாடுபட்டேன்."

 அப்போது ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் வாசலில் வந்து நின்றது. உள்ளே நிறையச் சனம், மேலே பொங்கல் பானைகள், பின்சீட்டில் இரண்டு கிடாய்கள். பால்பாண்டியின் மனைவி முருகம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

"இந்தாங்க, அண்ணன் லாரியைக் கேக்காம விட்டா மனசு சங்கடப்படுவாக, பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்னு காலையில வந்தீக, நேத்தே பேசி வச்ச பஸ்ஸை நான் எம்புட்டு நேரந்தான் நிப்பாட்டி வைக்க?"