ஓர் இரவுக்கு நாற்பத்தொரு பக்கம்

செய்தி வந்தபோது மணி மூன்று பன்னிரண்டு. "மூன்று மணி வாக்கில்" என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் செய்தி யாரைப் பற்றியதோ அந்த மனிதருக்கு "வாக்கில்" என்ற சொல் காதில் விழுந்தாலே சாப்பாடு இறங்காது. அவர் மனைவிக்கும் அது தெரியும். அதனால்தான், அலுவலக மேலாளர் போனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், அவள் அழுவதற்கு முன்னால் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அழுகை இருக்கட்டும். முதலில் அவர் சேர்ந்த இனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உலகத்தில் பயணம் போகிறவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சாதி உண்டு: புறப்படாத பயணி. இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயில் கால அட்டவணையை மற்றவர்கள் பத்திரிகை படிக்கிற மாதிரி காபியோடு படிப்பார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காது, எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டுக்கு நேராக இருக்கும், தங்கும் விடுதியின் கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி, அதில் இருட்டில் தட்டுப்படும்படி முக்காலி ஏதாவது கிடக்கிறதா என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. ஊரை மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

நம்முடையவர் லிஃப்ட் சோதனை அதிகாரி. உயரமான கட்டடங்களுக்குப் போய் லிஃப்டில் எடைக்கல் ஏற்றி, இறக்கி, கம்பியைத் தடவிப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போடுவது வேலை. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம்: பார்த்தவர், சரிபார்த்தவர். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது கட்டத்தில் பேனா படலாம். "பாக்காம போடற கையெழுத்தும் பொய் சாட்சியும் ஒண்ணுதான்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு கையெழுத்து' என்றே பெயர். கேட்டு அவர் கோபித்துக்கொண்டதில்லை. 'ஒரு கையெழுத்து' என்று யாராவது சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்.

மனைவி ஜன்னல் திரை தைப்பவள். அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை நாளெல்லாம் அளந்து அளந்து, எதிலும் எதிர்ச்சுவரைத் தவிர ஒன்றும் தெரியாமல் சலித்துப்போய், பதினோரு வருஷம் முன்னால் ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, இலை உதிர்ற சமயத்துல அந்த ஏரிக்கரைக்கு ஒரு ராத்திரி போய்ட்டு வரலாமா? மரமெல்லாம் செவப்பா இருக்குமாம்."

"தாராளமா. அடுத்த சனிக்கிழமையே போலாம்," என்றார்.

பாவி, அப்படியே கிளம்பியிருக்கலாம். "எதுக்கும் ஒரு தடவ பாத்துடறேன்" என்று அட்டவணையைக் கையில் எடுத்தார். அங்கே ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நகரத்திலிருந்து காலை எட்டு ஐந்துக்கு ரயில். பத்து நாற்பத்தாறுக்கு ஒரு சிறிய நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையத்துக்கு வெளியே தெருவைத் தாண்டி பத்து ஐம்பத்து மூன்றுக்கு ஏரிப் பேருந்து. அது இலையுதிர் காலத்தில் ஆறே ஆறு வார இறுதிகளில் மட்டும் ஓடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வண்டி. ஆக, நடுவில் இருப்பது ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் அந்த மனிதர் பதினோரு வருஷம் குடியிருந்தார்.

முதல் வருஷம், ஏழு நிமிஷம் போதாது என்று போகவில்லை. அடுத்த வருஷம், போதும் என்று தெரிந்தது. ஆனால் மழை வந்தால் போதாது. பிறகு ஒரு வருஷம் இலைகள் சீக்கிரம் சிவந்துவிட்டன, இன்னொரு வருஷம் சிவக்கவே காணோம், ஒரு வருஷம் எல்லாம் கூடிவந்து பெட்டிகூடக் கட்டியான பிறகு ரயில் கம்பெனி அந்த சீசனுக்கு மட்டும் புறப்பாட்டை நாலு நிமிஷம் தள்ளிவைத்துத் தொலைத்தது. நாலு நிமிஷம்! வீட்டில் துக்கம் விழுந்தது போல் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மைத்துனி ஒருத்தி உண்டு. மனைவியின் தங்கை, முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்பவள், வாய்க்குக் கத்தரி போடத் தெரியாதவள். "மாமா, என் கார்ல ஏறுங்க. ரெண்டு மணி நேரத்துல ஏரியில கால நனைக்கலாம்," என்பாள்.

"கார யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"சரிபாக்கறது?"

"கண்ணாடியப் பாத்து நானே சரிபாத்துக்குவேன்."

"அதான் வரலங்கறேன்."

இந்த இனத்தின் பேச்சை நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். "அவசரப்பட வேண்டாம்" என்பார்கள். "எல்லாம் ஆச்சு, ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி" என்பார்கள். அந்தச் சின்ன விஷயம் ஒருபோதும் பெரியதாகாது, தீரவும் தீராது. முக்கியமாக, இவர்கள் சந்தோஷமானவர்கள். போய்விட்டு வந்த நமக்கு அலுப்பும் அழுக்குத் துணியும்தான் மிச்சம். போகாத அவர்களுக்குப் பயணம் எப்போதும் சலவை மடிப்போடு அலமாரியில் இருக்கிறது.

உச்சகட்டம் ஏழாவது வருஷம் வந்தது. ஒத்திகை.

ஆமாம், ஒத்திகை பார்த்தார். மனைவிக்குத் தையல் வேலை மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை, பெட்டியில் அலுவலக எடைக்கல் ஒன்பது கிலோ வைத்து (இருவர் துணி, செருப்பு, போர்வை எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் வரும் என்பது கணக்கு) எட்டு ஐந்து ரயிலில் தன்னந்தனியாக ஏறினார். இறங்கினார். கையில் நிறுத்துகடிகாரத்தோடு நடந்தார். ஐந்து நிமிஷம் நாற்பது வினாடி. பேருந்தில் ஏறினார். ஏரி நிறுத்தத்தில் இறங்கினார். நிறுத்தத்திலிருந்து இருநூறு அடி நடந்து ஒரு வளைவு திரும்பினால் ஏரி. திரும்பவில்லை. இரண்டு ஐம்பதுக்கு அதே பேருந்து திரும்பும்வரை நிறுத்தத்திலேயே இருந்து, அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அவ்ளோ தூரம் போயும் ஏரியப் பாக்கலயா?"

"பாக்கல."

"ஏன்?"

"ஒருத்தன் மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்? ரெண்டு பேர் பாக்கணும்ல."

அவளுக்கு அன்று வந்தது சிரிப்பா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எடைக்கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவைக்கும்போது காலில் போட்டுக்கொண்டாள், அந்த வலிக்குச் சேர்த்து நன்றாகத் திட்டினாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்: பெட்டியை இறக்கும்போது இருவர் பிடிக்கவும்.

இப்படியாக வளர்ந்த கோப்பு இந்த வருஷம் நாற்பத்தொரு பக்கத்தை எட்டியது. சீசனின் முதல் வாரம். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சோதித்து முடித்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தரைத்தளத்தில் இருந்த நாற்காலியில் சற்றே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் தேறியிருந்தது.

அவருடைய பையை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே கோப்பு. கோப்பின் உறைக்குள், பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். இரண்டு. சீசனின் கடைசி சனிக்கிழமைக்கு.

ஒரு மாதம் அவள் அந்த உறையைத் தொடவில்லை. கடைசி வாரம் புதன்கிழமை தங்கை வந்தாள்.

"அக்கா, சனிக்கிழமையோட பஸ்ஸு நின்னுடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அடுத்த வருஷம் என்று சொன்ன தன் வாயைத் தானே திரும்பிப் பார்க்கிறாற்போல் இருந்தது அக்காவுக்கு. பிறகு எழுந்து பெட்டியை இறக்கினாள். தங்கையைக் கூப்பிட்டு, இருவராகப் பிடித்து.

சனிக்கிழமை காலை ரயிலில் தங்கை கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தாள். "ஐயோ மாமா! 'ஒன்பது பத்துக்கு வலப்பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை வரும், பார்க்க வேண்டியதில்லை.' இதக்கூடவா எழுதுவாங்க?" ஒன்பது பத்துக்கு இருவரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு சிமெண்ட் ஆலையைப் பார்த்தார்கள்.

பத்து நாற்பத்தாறு. ரயில் நின்றது. பதினோரு வருஷத்து ஏழு நிமிஷம் உண்மையாகவே தொடங்கியது. தங்கை பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட, அக்கா இருபத்து மூன்றாம் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். "படி இறங்கியதும் இடப்பக்கம்... கம்பத்தைத் தாண்டி நேராக..." சட்டென்று நின்றுவிட்டாள்.

"என்னக்கா? பஸ்ஸு தெரியுது, வா!"

பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: "வலப்பக்கம் திரைத்துணிக் கடை. கண்ணாடிக்குள் பச்சைத் துணி. அவள் நிற்பாள். நாற்பது வினாடி சேர்த்திருக்கிறேன்."

நிமிர்ந்தாள். வலப்பக்கம் திரைத்துணிக் கடை. துணி இப்போது நீலம்.

அவள் நின்றாள். நீலத் துணியின் மடிப்பைப் பார்த்தாள், தைத்தவர் ஓரத்தைச் சரியாக முடிக்கவில்லை என்றுகூடக் கவனித்தாள். தங்கை பெட்டியோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். நாற்பது வினாடி ஆனதும் நடந்தார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது இன்னும் அரை நிமிஷத்துக்கு மேல் மிச்சமிருந்தது.

விடுதிக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா? வருஷா வருஷம் சாரு ஃபோன் பண்ணுவாரு, ஜன்னல் எந்தப் பக்கம், படி எத்தனைன்னு. இந்த வீட்ல பொறந்தவ நான், படிய எண்ணினதே இல்ல. அவருக்காக எண்ணினேன். பத்தொம்பது. சாரு எங்க, பின்னால வர்றாரா?"

தங்கைதான் சொன்னாள். விடுதிக்காரி பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். மூன்று பேரும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். இருபது. விடுதிக்காரிக்கு முகம் விழுந்துவிட்டது. "அவரு திட்டுவாரே!" என்றாள். அதைக் கேட்டு அக்கா சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

சாயங்காலம் வளைவைத் திரும்பி ஏரிக்கரைக்குப் போனார்கள். மரங்கள் சிவப்பாகத்தான் இருந்தன. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

"இப்ப என்ன பண்ணணுமாம்? ஃபைல்ல பாரு," என்றாள் தங்கை.

அக்கா கடைசிப் பக்கத்தை எடுத்தாள். நாற்பத்தொன்று. மேலே "ஏரி" என்று தலைப்பு, அடியில் கோடு. கோட்டுக்குக் கீழே வெள்ளைத் தாள்.

"மனுஷன் முக்கியமானதை விட்டுட்டாரேக்கா!"

"விடல," என்றாள் அக்கா. "பாக்காம எழுத மாட்டாரு."

அந்த வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இரண்டு ஐம்பது பேருந்தில், ஒரு நிமிஷமும் பிசகாமல் திரும்பினார்கள்.

அவ்வளவுதான். இனி நீங்கள். சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சரி. உங்கள் ஃபோனில் "பிறகு பார்க்க" என்று எத்தனை ஊர் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் யாராவது "போலாமா" என்று கேட்டபோது, "போலாமே, எதுக்கும் ஒரு தடவ..." என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? கேட்டவர் இப்போது பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? நல்லது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஏழு நிமிஷம் தாராளமாகப் போதும், அது சரிபார்த்தாகிவிட்டது.

கோப்பின் முதல் பக்கத்தில் புறப்படும்போது செய்ய வேண்டியவை, அலுவலகப் படிவம் போலவே வரிக்கு இரண்டு கட்டத்தோடு இருக்கின்றன. பதினான்காவது வரி: கேஸ் மூடியாயிற்றா. பார்த்தவர் கட்டத்தில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. திரும்பும் ரயிலில் தங்கை பேனாவை எடுத்து, "குடு, இன்னொண்ண நான் போட்டுடறேன்," என்றாள். "நீ கீழ நின்னுட்டிருந்தே. நீ பாக்கல," என்று அக்கா தாளை மடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது கேஸ் மூடியேதான் இருந்தது. சரிபார்த்தவர் கட்டம் இன்னும் காலி.