ஸ்டெல்லாவின் எட்டு இலக்கங்கள்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். கோழிகளுக்குத் தீனி, கணவருக்குக் காப்பி, இரண்டு தையல் மெஷின்களுக்கும் எண்ணெய். டைரியில் இவ்வளவும் அன்றே ஏறிவிட்டது. பகலில் செய்த முட்டாள்தனத்தை எழுத மட்டும் மறுநாள்வரை கை வரவில்லை.

தம்பின் ஊருக்கு அருகே, செம்பனைத் தோட்டத்து வீட்டில் ஏப்ரன் தைத்து விற்கிறேன். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் பொருள் வாங்கும் பொறுப்பிலிருக்கும் ஸ்டெல்லா, தோட்டப் பள்ளியில் என் வகுப்புத் தோழி. போன முறை பில்லைக் கையால் எழுதி, படமெடுத்து அனுப்பினேன். படத்தில் பாதி என் கட்டைவிரல்.

"இந்தத் தடவ ஒழுங்கா பிடிஎஃப்ல அனுப்பு லா. யாரும் கைவைக்க முடியாதபடி இருக்கணும். பன்னெண்டு மணிக்குள்ள வரலன்னா வருஷ ஆர்டர் நீலாய்க் கடைக்குப் போயிடும்," என்று ஸ்டெல்லா காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

கைவைக்கத்தானே முடியக்கூடாது? சின்னம், வரிசை எண், தேதி எல்லாம் போட்டு (கட்டைவிரல் இல்லை) கடைசியில் பூட்டும் போட்டேன். வங்கிக்காரர்கள் மாதிரியே மின்னஞ்சலின் கீழே ஒரு குறிப்பு: "கடவுச்சொல்: உங்கள் பிறந்த தேதி, எட்டு இலக்கம்." ஆகஸ்ட் பதினேழில் வகுப்புக்கே மிட்டாய் கொடுத்தவள், தேதி மறக்குமா? வருடம் என்னுடையதேதான்.

பதினொன்று நாற்பதுக்கு அழைத்தாள்.

"தொறக்கல."

"பொறந்த தேதி போட்டியா?"

"ஐசில உள்ளதத்தான் போட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் அப்பாக்களுக்கு நேரம் கிடைத்த அன்றுதான் பிள்ளைகள் பதிவேட்டில் பிறப்பார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையில் ஸ்டெல்லா இரண்டு வருடம் தாமதமாகப் பிறந்திருந்தாள்.

"பூட்ட எடுத்துட்டு அனுப்பேன்."

மூன்று மணி நேரம் போராடி மாட்டிய பூட்டு. எடுப்பேனா?

"முடியாது! உன் நெஜத் தேதியப் போடு. ஒண்ணு ஏழு, கோசோங் எட்டு, ஒண்ணு ஒம்பது ஏழு கோசோங்! இந்த ஆகஸ்டு வந்தா உனக்கு அம்பத்தஞ்சு, மறந்துட்டியா?" (எங்கள் பேச்சில் கோசோங் என்றால் பூஜ்யம்.)

பிறகு ஓர் ஆண்குரல்: "அக்கா, போன மாசம் அம்பத்திரண்டுன்னு சொன்னீங்க?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அலுவலகமே சிரித்தது.

"அப்ப எங்கம்மாவுக்கே மூத்தவங்க லா!" என்றது இன்னொரு குரல்.

விசைகள் எட்டு முறை தட்டப்படுவது கேட்டது. "தொறந்துருச்சு," என்றாள், யாரோ அந்நியரிடம் சொல்வதுபோல. இணைப்பு அறுந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"இதுக்கு மேலயும் ஆர்டர் குடுத்தா அவங்க தெய்வம்," என்றார் கணவர். (அன்று முதல், வீட்டில் யார் வயதைக் கேட்டாலும் "எந்தப் பூட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்.)

மாலை ஆறு மணிக்கு ஸ்டெல்லாவின் செய்தி வந்தது: "ஆர்டர் உனக்குத்தான். உன் தையல் நல்லாருக்கு, உன் வாய்தான் சரியில்ல. நாளைக்குக் காலைல மொத வேலையா ஐசி தேதியப் போட்டுப் பூட்டி, ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பு."

மறுநாள் கோழிகள் காத்திருந்தன. நான் முதலில் இன்வாய்ஸைப் புதிதாகப் பூட்டி, அவள் அலுவலகத்தின் ஒன்பது பேருக்கும் அனுப்பினேன். மேலே இப்படி எழுதினேன்: "ஏப்ரன் எண்ணிக்கையில் மாற்றமில்லை. முந்தைய கடவுச்சொல்லில் நேர்ந்த இரண்டு வருடப் பிழைக்கு நானே பொறுப்பு."